பச்சை விளக்கில் நின்ற பம்பரம்

நாற்சந்தியின் நடுவே நின்று நாலா திசை வண்டிகளையும் நாவசைக்காமல் நடத்துகிறவரும், இப்போது கைக்கடிகாரத்தைக் காட்டி என்னையும் நடத்தத் தொடங்கிவிட்டவருமான தலைவர், போக்குவரத்துக் காவல் அம்மையார் அவர்களே! சீட் கவர் கடையில் ஊசியோடு உழைத்து, ஒப்பற்ற ஒரு மகளை உலகுக்குக் கொடுத்த என் அன்புச் சகோதரியே! முன்வரிசையை முழுமையாகக் கைப்பற்றியிருக்கும் மூத்தோர்களே! இடுப்பில் குழந்தையும் இதழில் சிரிப்புமாக இடமில்லாமல் நிற்கும் தாய்மார்களே! பணிமனைத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பேருந்து ஓட்டுநரின் பணிவான வணக்கம்.

அங்கே விசில் அடிப்பது யார்? நம்ம கண்டக்டர்தானே! தம்பி, ஒரு விசில் கொடுத்தால் நான் நிறுத்திவிடுவேன். இரண்டாகக் கொடு, வண்டி போகட்டும்.

தோழர்களே! எதற்காகக் கூடினோம்? தேர்தலா? இல்லை. திருமணமா? அதுவும் இல்லை. இதோ, மேடையின் ஓரத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கால் கட்டைவிரலால் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறாளே, பம்பரம் என்று நாம் பேர் வைத்த இந்தப் பெண், இவளுக்காகக் கூடினோம்! வீட்டில் இவளுக்கு வேறு பெயர் உண்டாம். சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

இவள் எங்கே ஆடினாள்? அரங்கத்திலா? அரண்மனையிலா? நம் சிக்னலில் ஆடினாள்! சிவப்பு விழும், வண்டிகள் நிற்கும், நின்ற வண்டிகளுக்கு முன்னே இவள் பாய்ந்து வருவாள். தலைகீழாய்ச் சுழல்வாள், தரையில் தவழ்வாள், தாவி எழுவாள். பாட்டு உண்டா? இல்லை. என் எஞ்சின் உறுமுவதுதான் பாட்டு. பின்னால் நிற்பவர் பொறுமையில்லாமல் அடிக்கும் ஹாரன்தான் தாளம். பச்சை விழுந்ததும் ஒரு கும்பிடு போட்டு ஓரமாய் ஓடிவிடுவாள். ஓடத்தானே வேண்டும்? நாமெல்லாம் அவசரக்காரர்கள் ஆயிற்றே!

இந்தப் பம்பரம் ஒரு நாள் தொலைக்காட்சித் திறமைப் போட்டிக்குப் போனாள். அம்மா கடையில் மிச்சமான ரெக்சின் துணியில் தைத்த சட்டை. கையைத் தூக்கினால் சட்டை கிறீச்சிடும். "என்னடி, கதவு மாதிரி சத்தம் போடுது" என்று அம்மாவே சிரித்தாராம். அந்தச் சத்தத்தோடு மேடையேறினாள்.

அங்கே ஒரு சட்டம். மேடைக்கு எதிரே ஒரு பெரிய விளக்கு. பச்சை எரிந்தால் ஆடத் தொடங்கு. சிவப்பு எரிந்தால் நிறுத்து, நீ வெளியே! குழந்தைக்கும் புரியும் சட்டம். இவளுக்கும் படித்துப் படித்துச் சொன்னார்கள். சரி சரி என்று தலையாட்டினாள்.

இசை எழுந்தது. பச்சை எரிந்தது. பம்பரம் என்ன செய்தாள்?

கும்பிடு போட்டாள்! ஓரமாய்ப் போய் நின்றாள்!

சிரிக்கிறீர்கள். அங்கேயும் சிரித்தார்கள். நடுவர் கேட்டார், "ஏம்மா, ஆடலையா?" இவள் பதறிப்போய்ச் சொன்னாள், "பச்சை விழுந்திருச்சே சார், வண்டி வருமே!" பொறுமை இழந்த இன்னொரு நடுவர் சிவப்பை அழுத்தினார். அழுத்தியதுதான் தாமதம், பாய்ந்தாளே பாருங்கள்! இசையை நிறுத்தினார்கள், இவளுக்கு இசை எதற்கு? கிறீச், கிறீச் என்று சட்டை பாட, சுழன்றாள், சீறினாள், சிறகு முளைத்தவளாய்ப் பறந்தாள்! வெளியே போ என்று சொல்ல வாய் திறந்தவர் திறந்த வாயை மூடவில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் நின்றாள்.

"சிவப்புன்னா வெளியேன்னு உனக்குச் சொல்லலையா?"

"சொன்னாங்க சார். எனக்குப் புரிஞ்சுது. காலுக்குத்தான் புரியல."

விதி விதிதான், அனுப்பிவிடுங்கள் என்றார் நிகழ்ச்சி மேலாளர். அப்போது முதல் நடுவர் எழுந்தார். "பச்சையில இந்தப் பொண்ணு ஆடவே இல்லையே. தொடங்காத ஆட்டத்தை எப்படிங்க முடிச்சு வைப்பீங்க?" அடடா, வழக்கறிஞராகப் போயிருக்க வேண்டியவர்! மறுபடியும் பச்சை எரிந்தது. இந்த முறை பம்பரம் கண்களை இறுக மூடிக்கொண்டாள். விளக்கைப் பார்த்தால்தானே வம்பு! மூடிய கண்ணோடு ஆடினாள், தேர்வானாள்.

கைதட்டுங்கள், தட்டுங்கள். ஆனால் கதை இன்னும் முடியவில்லை.

சுற்றுக்குச் சுற்று முன்னேறினாள். எல்லாம் சிறு சிறு ஆட்டங்கள், இவளுக்குப் பழகிய அளவு. இறுதிச் சுற்றில்தான் சோதனை. ஒரு முழுப் பாட்டுக்கு ஆட வேண்டும்! பயிற்சிக்கு எங்கள் பணிமனை முற்றத்துக்கு வந்தாள். ஆடுவாள், ஆடுவாள், சிவப்பு விளக்கின் நேரம் எவ்வளவோ அவ்வளவு ஆடியதும் கால் தானாக நின்றுவிடும். கண்ணை மூடினாலும் நின்றது. பாட்டு பாட்டுக்கு ஓடும். இவள் ஆணியடித்தாற்போல் நிற்பாள். ஒரு மாலை பேருந்துப் படிக்கட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். "டிரைவர் மாமா, பரிசு வேணாம் மாமா. ஒரே ஒரு தடவை முழுசா ஆடணும். அதுக்கப்புறம் என்னன்னு உடம்புக்குத் தெரியவே மாட்டேங்குது." எஞ்சின் நின்றால் எனக்கு வழி தெரியும். இதற்கு நான் என்ன செய்வேன்?

அந்த நேரம் பார்த்துத்தான் நம் தலைவர் அம்மையார் அங்கே வந்தார். பணி முடிந்து வீட்டுக்குப் போகிற வழி. நடந்ததைக் கேட்டார். முற்றத்தின் வாசலில் போய், இவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்த பேருந்து ஒன்று மூச்சிரைத்து நின்றது. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"நீ ஆடுடி. வண்டிங்களை நான் புடிச்சிக்கிறேன்."

ஆடினாள்! கால் நிற்கிற இடம் வந்தது. ஒரு கணம் தடுமாறினாள், நீட்டிய அந்தக் கையைப் பார்த்தாள், தாண்டினாள்! அதற்கு அப்பால் அவள் ஆடியதை அதுவரை எவரும் கண்டதில்லை, அவளே கண்டதில்லை.

இறுதிச் சுற்றன்று அம்மையார் முதல் வரிசையில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டே இருந்தார். "மேடம், மறைக்குது, கையை இறக்குங்க" என்று பின்னால் கெஞ்சினார்கள். இறக்கினாரா? நம் அம்மையாரா இறக்குவார்! பாட்டின் கடைசிச் சொட்டு வரை பம்பரம் சுழன்றாள். கோப்பை வேறொருவருக்குப் போயிற்று. இவளுக்கு இரண்டாம் இடம். போகட்டும்! இறங்கி வந்தவளை அம்மா கட்டிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாய் என்ன சொன்னார் தெரியுமா? "இத்தனை வருஷமா பாக்குறேன், உன் ஆட்டத்துக்கு இப்படி ஒரு முடிவு இருக்குன்னு எனக்கே தெரியாம போச்சேடி!"

தோழர்களே! பெற்ற தாயே பாதிதான் பார்த்திருக்கிறாள் என்றால், நாம் யாரைத்தான் முழுதாகப் பார்த்தோம்? வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் மெக்கானிக்கை முழுதாகப் பார்த்தோமா? நமக்குச் சில்லறை கொடுக்கும் கண்டக்டரைப் பார்த்தோமா? அவர்களுக்குள்ளும் ஆடாத மிச்சம் இருக்காதா? யாரோ ஒருவர் வாசலில் நின்று கை நீட்டினால் அவர்களும் தாண்ட மாட்டார்களா? கை நீட்டுவோம், தோழர்களே! ஒருவர் ஆடி முடிக்கும்வரை இன்னொருவர் உலகத்தை நிறுத்தி வைப்போம்!

போதும். தலைவர் மறுபடியும் கடிகாரத்தைக் காட்டுகிறார். வந்தவர்களுக்கும், வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கும், பொறுத்துக்கொண்டவர்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றியும் வணக்கமும்.

பம்பரம், எழுந்து வா அம்மா. முழுசா ஆடு. இன்றைக்கு இங்கே எவரும் எங்கேயும் போக வேண்டியதில்லை.