வெளிச்சம் நிக்கல

வேதகிரி: தோ பாரு தாஸு... ரெண்டு கார்பன் குச்சியையும் முட்ட வெக்கறேன். பத்திக்கிது. பிரிக்கறேன்... போச்சு! நேத்து ராத்திரி ஆட்டத்துல இப்பிடியே பதினாறு வாட்டி.

ஞானதாஸ்: புரொஜக்டர ஓட்டுனியா, எண்ணிக்கினு இருந்தியா?

வேதகிரி: நான் எங்க எண்ணுனேன்? மணல்ல குந்தினு இருந்த சனம் எண்ணுச்சி. சத்தமா.

ஞானதாஸ்: சர்தான்... இடைவெளி எவ்ளோ வுட்ட?

வேதகிரி: ஒரு நெல்லு மணி நீளம். பதினோரு வருஷமா இந்தக் கொட்டாயில ஆபரேட்டர், அது தெரியாதா எனக்கு?

ஞானதாஸ்: தெரியும்ப்பா, கோச்சிக்காத. முட்டினு இருக்கறப்ப முனை சூடேறுது. பிரிச்சதும் அந்தச் சூட்டுல கார்பன் ஆவியாவுது. அந்த ஆவி வழியாத்தான் கரண்டு தாண்டுது. ஆவி அறுந்தா வெளிச்சமும் அறுந்துடும்.

வேதகிரி: ஏன் அறுவுதுன்னுதானே கேக்கறேன்.

ஞானதாஸ்: அத... பாக்கறேன். நீ போயி ஒரு டீ வாங்கினு வாயேன்.

வேதகிரி: கேபினை வுட்டு நவுரக் கூடாதுன்னுட்டாரு முதலாளி. ஆறரை ஆட்டம் ஓடலன்னா சாவிய குடுத்துட்டு வூட்டுக்குப் போன்னுட்டாரு.

ஞானதாஸ்: அவுரு கத்துவாரு, அப்பறம் மறந்துடுவாரு.

வேதகிரி: நேத்து திரைக்கி முன்னால பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சாரு தாஸு. "தப்பு என்னுதுதான்"னு சொல்ல வெச்சாரு. நானும் சொன்னேன். சிட்டம்மா பொம்பளைங்க பக்கம் குந்தினு இருந்தா.

ஞானதாஸ்: அண்ணி இன்னா சொன்னாங்க?

வேதகிரி: சோத்த வெச்சிட்டு மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கினா... ஏன் தாஸு, அந்த ரெக்டிஃபையர ஒரு வாட்டி...

ஞானதாஸ்: அதுல இன்னா கீது? நேத்து சாயங்காலம்தானே மொத்த ஒயரும் மாத்திக் குடுத்துட்டு காஞ்சிபுரம் போனேன். ஏசிய டிசி ஆக்கித் தருது. அம்பியர் முள்ளு ஏறுதுல்ல?

வேதகிரி: ஏறுது.

ஞானதாஸ்: அப்பறம் இன்னா?

வேதகிரி: சொம்மா கேட்டேன். நீ பண்ண வேலைய நான் சந்தேகப்படுவேனா?

ஞானதாஸ்: வெளிய போயி நல்ல காத்து வாங்கினு வா வேதகிரி. வேர்க்குது ஒனக்கு.

வேதகிரி: ஒனக்குந்தான் வேர்க்குது... தாஸு, ஒண்ணு சொல்லணும். சிரிக்காத.

ஞானதாஸ்: சொல்லு.

வேதகிரி: போன வாரம் மழையில கூரை ஒயுவிச்சி. கார்பன் பெட்டிய மேல ஏத்தி வெக்க மறந்துட்டேன். ஆறு கட்டு நனைஞ்சி போச்சி. முதலாளிகிட்ட மறைச்சிட்டேன்.

ஞானதாஸ்: அட! அப்பிடி சொல்லு! ஈரம்! அதான் நிக்கல!

வேதகிரி: அப்போ... தப்பு என்னுதேதானா?

ஞானதாஸ்: ...ஈரம் இருந்தா நிக்காதுன்னு சொன்னேன். போ, ஒரு மணி நேரம் வெயில்ல காய வையி. பக்கத்துலியே நில்லு, நாயி இழுத்துக்கினு போயிடும்.

வேதகிரி: நாயி கார்பன் துன்னுமா?

ஞானதாஸ்: உத்திரமேரூர் நாயி எதையும் துன்னும். கெளம்பு.

வேதகிரி: இரு இரு... பிரிக்காத கட்டு ஒண்ணு கீது. மழைக்கி அப்பறம் வந்துது. இதுல சொட்டுத் தண்ணி படல.

ஞானதாஸ்: வேணாம்ப்பா, அத எதுக்கு...

வேதகிரி: தடி கார்பன பிளஸ்ல மாட்டியாச்சி. ஒல்லிய மைனஸ்ல மாட்டியாச்சி. முட்ட வெக்கறேன்... பத்திக்கிச்சி... போச்சு! இதுவும் நிக்கல! அப்போ ஈரம் இல்லியா?

ஞானதாஸ்: ம்.

வேதகிரி: தாஸு, கிட்ட வா. ஒல்லி கார்பன் பாதி வரைக்கும் செவந்து கீது. முனையில பள்ளமா குயி வேற வுயிந்து கீது. குயி தடியிலதானே வுயும்? பிளஸ் பக்கந்தானே?

ஞானதாஸ்: பிளஸ் பக்கந்தான்.

வேதகிரி: ஒல்லி எப்பிடி பிளஸ் ஆச்சு? நான்தான் எங்கியோ எதையோ மாத்திட்டேனா? ஆர்க்கு வெளிச்சத்த பாத்துப் பாத்து கண்ணு அவிஞ்சி போச்சா எனக்கு? பெஞ்சு மேல நிக்க வெச்சது சரிதான் தாஸு. ஆறரை வரைக்கும் எதுக்கு? இப்பவே போயி சாவிய குடுத்துடறேன்.

ஞானதாஸ்: சாவிய கீயே வையி. ஒன் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, மாத்துனது நானு. கறுப்பு ஒயரு தீந்து போச்சின்னு பிளஸ், மைனஸ் ரெண்டுக்கும் செவப்பே போட்டேன், அதுல மாறிப் போச்சி. அஞ்சரை பஸ்ஸு போயிடும்னு மீட்டர் வெச்சிப் பாக்காம ஓடுனேன். நீ காட்டுன மொத பொறியிலியே எனக்குத் தெரிஞ்சி போச்சி... நீ அந்தாண்ட போனா கமுக்கமா மாத்திடலாம்னு பாத்துக்கினு இருந்தேன். முதலாளிய கூட்டினு வா, அண்ணியையும் கூட்டினு வா. அவுங்க கண்ணு முன்னால மெயின ஆஃப் பண்ணிட்டு, ரெக்டிஃபையர்ல பிளஸ்ல கீற ஒயர கயட்டி மைனஸ்ல போடு, மைனஸ்ல கீறத பிளஸ்ல போடு. வெளிச்சம் நிக்கும்.