அறிவிப்புக்கு முன்

எனக்கு உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் சர்வர் அறையில் ஒரு நாற்காலி உண்டு. அதில் சாப்பாட்டுப் பையைத்தான் வைப்பேன். நடந்துகொண்டே சொல்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மேடம்.

பெயர் கோபி. இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டோடு நின்றுவிட்டேன். அதில் வருத்தமில்லை. நைட் ஷிப்டில் மெஷின்கள் சூடாகாமல் பார்த்துக்கொள்வது வேலை. மிச்ச நேரத்தில் ‘சமன்’ என்ற மென்பொருளுக்குக் கைகொடுத்தேன்.

சமன் யாருக்கும் சொந்தமில்லை. பல ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதுவது. சர்க்கரை நோயாளியின் கையில் ஒட்டியிருக்கும் சென்சாரைப் படித்து, இப்போது எத்தனை யூனிட் இன்சுலின் போட வேண்டும் என்று போனில் சொல்லும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அதைத் தடுக்கச் சட்டம் கிடையாது.

புது வெர்ஷன் வெளியிடுவதில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஃபைலைப் பல நாட்டு சர்வர்களில் ஏற்றிவிடுவோம். எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்து, கடைசிச் சோதனையும் முடிந்த பிறகுதான் அறிவிப்பு வரும். நம் பக்கத்து சர்வர் என் பொறுப்பு. ஏற்றியதற்கும் அறிவிப்புக்கும் நடுவில் சில நாள் அந்த ஃபைல் பூட்டில்லாத வீட்டில் கிடக்கிற மாதிரி கிடக்கும்.

ஒரு டவுன்லோட் தளம் அதை அள்ளிக்கொண்டு போய், ‘எல்லோருக்கும் முன்னால் எங்களிடம்’ என்று போட்டு, சுற்றிலும் விளம்பரம் ஓட்டியது. ஒருமுறை கடைசிச் சோதனையில் பிழை தெரிந்து நாங்கள் சரிசெய்தோம். பிழையுள்ளது அதற்குள் அவர்கள் வழியாகப் பரவிவிட்டது. திட்டு எங்களுக்கு வந்தது. சோதனைகளைப் பார்த்துவந்த மோகனப்பிரியா அந்த வசவுகளையெல்லாம் உட்கார்ந்து படித்துவிட்டு விலகிப் போனார். தளத்துக்கு நான் மரியாதையாகத்தான் எழுதினேன், அறிவிப்பு வரும்வரை பொறுங்கள் என்று. கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார்கள்.

அடுத்த முறை என் சர்வரில் ஒரு தூண்டில் ஃபைலை வைத்தேன். திறந்தால், ‘இது இன்னும் வெளியாகாதது, நம்பாதீர்கள்’ என்று எச்சரிக்கும். அதையும் எடுத்தார்கள். எச்சரிக்கையை எப்படி மூடிவிட்டு உள்ளே போவது என்று படம் போட்டு விளக்கினார்கள். ஆட்கள் மூடிவிட்டுப் போனார்கள்.

எங்கள் ஃபைல்களுக்கு ஒரு முத்திரை உண்டு, மேடம். அது இல்லாத ஃபைல் எங்களுடையதில்லை என்று சரிபார்க்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஒழுங்காக இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லை. அதை யோசித்த பிறகுதான் அடுத்த தூண்டிலைச் செய்தேன்.

அதில் எச்சரிக்கை வைக்கவில்லை. ஒரு கணக்கை மட்டும் எடுத்தேன். முன்பு போட்ட மருந்து உடம்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக் கழிக்கும் கணக்கு. அது இல்லையென்றால் போட்டதையே திரும்பப் போடச் சொல்லும். சிலருக்கு மயக்கம் வரும், புகார் எழும், தளத்தின் பெயர் கெடும். அதற்கு மேலும் ஆகலாம் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

செல்வகுமார் என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். வேப்பம்பட்டில் வீடு. அவன் மகள் சிம்ரனுக்குப் பதினோரு வயது. அவள் போனில் முதன்முதலில் சமனைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். என்னைக் கேட்காமல் எதையும் மாற்றாதே என்று சொல்லி வைத்திருந்தேன். அவனும் மாற்றியதில்லை.

தளம் அந்தத் தூண்டிலை எடுத்துப் போட்ட அன்று மாலை, குமணன்சாவடியில் வண்டியை ஓரம்கட்டி அவன் அழைப்பை எடுத்தேன்.

“மாமே, எங்க கீற?”

“ரோட்ல. சொல்லு.”

“அந்த சைட்ல புது சமன் வந்துகீது. சின்ன சென்சாருக்கும் ஒத்துக்குமாம். போட்டு உட்டுரட்டா?”

“இப்ப இன்னா அவசரம்?”

“எனுக்கு இன்னா. பாப்பாதான் உயிர எடுக்குது. இப்ப கீறது கைல பெருசா தெரியுதாம், ஸ்கூல்ல ரோபோ ரோபோன்னு கலாய்க்கிறாங்களாம். கோபி சொன்னாத்தான்னு சொல்லிக்கீறேன்.”

பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. “மாமா, சரின்னு சொல்லு மாமா. பிரியாணி வாங்கித் தரச் சொல்றேன்.”

“உன் இஷ்டம்டா,” என்றேன்.

“இன்னா மாமே, டாக்டரு மாதிரி பேசற. போடவா, வாணாவா?”

“போட்டுக்கோ.”

முதலில் ‘உன் இஷ்டம்’ என்றுதான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். காரணம் சொன்னால் கம்பெனியில் நாலு பேரிடம் சொல்வான், அவனுக்கு வாய் நிற்காது. தளம் உஷாராகிவிடும். ஒரு விஷயம் நேரத்துக்கு முன்னால் வெளியே போனால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

பிறகு வண்டியைக் குத்தம்பாக்கம்வரை ஓட்டினேன். புது பஸ் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பினேன். மறுபடி போனேன். போனைச் சில முறை கையில் எடுத்து உள்ளே வைத்தேன். அதைப் பதற்றம் என்று சொல்ல முடியாது. ஓட்டும்போது எனக்கு யோசனை நன்றாக வரும்.

சனிக்கிழமை பெற்றோர் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். சிம்ரன் சாப்பிட்டுவிட்டு ஊசி போட்டுக்கொண்டாள். போன் மறுபடி போடச் சொன்னது, போட்டாள். இன்னொரு முறையும் சொன்னது. சொன்னபடி கேட்கிற பெண். செல்வகுமாரின் மனைவி கவிப்பிரியா வேலை முடிந்து வந்தபோது மகள் டிவி முன்னால் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று சத்தத்தைக் குறைத்துவிட்டு, அம்மாக்காரி அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். டீ போட்டு எழுப்பியபோது பெண் எழுந்திருக்கவில்லை.

தளம் பயந்துபோய்ச் சமனையே தூக்கிவிட்டது. மரியாதையாகக் கேட்டு நடக்காதது நடந்தது. வேறு ஊர்களில் யாருக்கு என்ன ஆனது என்பது எனக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

சிம்ரனின் காரியம் முடிந்த மறுநாள் செல்வகுமார் அந்தப் போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

“நான் எதுனா தப்பா அமுக்கிட்டனா மாமே? நீ பாத்து சொல்லு. கவி என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது.”

உன் மேல் தப்பில்லை என்று தோளைப் பிடித்துச் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அவன் கீழே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நான் போனை வாங்கி அந்த ஃபைலை அழித்தேன். அறிவிப்பு அன்று காலைதான் வந்திருந்தது.

தடயத்தை அழித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியில்லை, மேடம். முத்திரையைச் சரிபார்த்து, சிம்ரனின் போனில் சரியான வெர்ஷனைப் போட்டுக் கொடுத்தேன்.