சொர்ணக்காவின் ஸ்டூல்

"தாமிரபரணித் தண்ணி குடிச்சவனைப் பேய் அண்டாது. இது பௌதிகம்" என்று அறிவித்தான் வைத்தி. பௌதிகத்தில் அவனுக்கு அரியர் இருந்தது. அதை நினைவூட்டும் நேரமல்ல அது.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மஞ்சள்காமாலையில் கிடந்த ஹரீஷுக்குத் துணையாக நாங்கள் மூன்று பேர். நடுச்சாமம். கரண்ட் இல்லை. வார்டுக்கு வெளியே வராந்தாவில் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். இருந்த ஒரே ஸ்டூல் வைத்திக்கு. அசைந்தால் கிறீச்சிடும். சற்றுமுன் கிளம்பிப் போன நர்ஸ் அந்த ஸ்டூலையே பார்த்தாள்... எதுவும் கேட்காமல் போய்விட்டாள்.

"எங்க லூசி சித்திக்கு நடந்தது. இதே வார்டுதாம்லே" என்று ஆரம்பித்தான் ஜெர்வின்.

லூசி இங்கே நர்ஸ். ஒரு நாள் காலையில் டூட்டிக்கு வந்தவள். ராத்திரி வரவேண்டியவள் வரவில்லை. மாற்ற ஆள் வராமல் வார்டை விட்டுப் போகக் கூடாது. திருச்செந்தூருக்கு அப்பால் ஊரில் அவள் பிள்ளைக்குக் காய்ச்சல், வலிப்பு என்று சாயங்காலம் போன் வந்திருந்தது. மேட்ரனிடம் அழுதாள்.

"எல்லாருக்குந்தான் பிள்ளை இருக்கு" என்றார் மேட்ரன்.

உட்காரவும் வழியில்லை. உட்கார்ந்தால் தூங்குவார்கள் என்று நர்ஸ்களின் நாற்காலிகளை நிர்வாகம் எடுத்திருந்தது. மன அமைதிக்கு மட்டும் மாதம் ஒரு தியான வகுப்பு உண்டு. நின்றபடி.

நடுச்சாமம் தாண்டி, மாடிப்படியில் செருப்புச் சத்தம். சளக்... சளக்... ஈரச் செருப்பு. டெட்டால் வாசனை, அதற்கடியில் வாடின பிச்சிப்பூ. வயதான ஒரு நர்ஸ். வீங்கின கால்கள் செருப்பு வாரில் பிதுங்கியிருந்தன.

"நீ போ புள்ள. நான் பாத்துக்கிடுதேன்."

கட்டில் கட்டிலாக ஒப்படைத்துவிட்டு லூசி ஓடினாள். ஆள் அரவமற்ற ரோடு... முதல் பஸ். பிள்ளை பிழைத்தது.

திரும்பி வந்தவளிடம் மேட்ரன் கேட்டார்: "யார்ட்ட ஒப்படைச்சிட்டுப் போன?"

வீங்கின கால் என்றதும் மேட்ரன் சிலுவை போட்டுக்கொண்டார். சொர்ணாம்பாள். முந்தின வருசம், மாற்ற ஆள் வராமல் நின்று நின்று, அந்தப் படியில் விழுந்து செத்தவள். விடியும்வரை யாரும் பார்க்கவில்லை.

ஆனால் லூசி போன ராத்திரி ஒரு ஊசி தவறவில்லை. ஒரு குளுக்கோஸ் பாட்டிலும் காலியாகத் தொங்கவில்லை.

நிர்வாகம் கூடி யோசித்தது. அதிலிருந்து நடுச்சாமத்துக்கு மேல் இந்த வார்டுக்கு நர்ஸ் போடுவதில்லை.

"கெளம்புறவங்க ஒரு ஸ்டூலைப் படிப்பக்கம் போட்டு, 'உக்காருங்கக்கா'ன்னு சொல்லிட்டுப் போவாங்க" என்றான் ஜெர்வின்.

வைத்தி சிரித்தான். "பேய்க்கு எதுக்குலே ஸ்டூலு? கால் வலிக்குமாக்கும்?"

"செத்தா டூட்டி முடிஞ்சிரும்னு எவம்லே சொன்னான்?"

உள்ளே ஹரீஷின் குரல். "சிஸ்டர்... பாட்டில் முடிஞ்சிட்டு..."

நாங்கள் அசையவில்லை.

படியில் சளக்... சளக்... எங்களைத் தாண்டி வார்டுக்குள் போனது. ஆளைக் காணோம். பிச்சிப்பூ வாசனை மட்டும். உள்ளே கண்ணாடிப் பாட்டில் கம்பியில் மாட்டும் சத்தம். ஹரீஷ் அமைதியானான்.

வைத்தி எழுந்தான். துண்டால் ஸ்டூலைத் துடைத்தான். சத்தம் வராமல் தூக்கிப்போய்ப் படிப்பக்கம் போட்டான். குனிந்து, பைய ஏதோ சொன்னான். திரும்பி வந்து எங்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, படிப்பக்கம், ஸ்டூல் கிறீச்சிட்டது.