நூலில் ஏறிய பணம்

வாக்குமூலம் கொடுப்பவர்: டெய்லர் அக்கா, வயது 57, தொழில் தையல். முகவரி: ரயில் நிலையத்தின் பின்தெரு, நான்கு மாடிக் கட்டிடம், இரண்டாம் தளம், படிக்கட்டை ஒட்டிய வீடு.

நான் மேற்படி வீட்டில் என் மகளுடன் வசித்து வருகிறேன். மகள் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில், பெரிய வாடிக்கையாளர்களின் ஆர்டர்கள் வரும் அறையில் வேலை செய்கிறாள். நானும் அந்த அலுவலகத்தின் மூலமாகத்தான் பங்கு வாங்குகிறேன். மகள் அலுவலக ரகசியத்தை என்னிடம் சொன்னதாக அவளுடைய மேனேஜர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். அவள் மேல் பழி எதுவும் மிஞ்சக் கூடாது என்பதற்காகக் கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்தே சொல்கிறேன்.

எந்தத் துறைப் பங்குகளுக்குள் பணம் வந்தது, எதிலிருந்து வெளியே போனது என்பதைத் தினமும் சந்தை மூடியபின் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடுகிறார்கள். நான் மூன்று வருடமாக அதைப் பார்த்து ஒரு நீள வெள்ளைத் துணியில் துறைக்கு ஒரு நிற நூலாகத் தைத்து வருகிறேன். பணம் வந்தால் மேலே ஒரு தையல், போனால் கீழே ஒரு தையல். சோப்பும் மாத்திரையும் எந்தக் காலத்திலும் விற்கும். பணம் அந்தப் பக்கம் ஓடினால் பெரிய ஆட்கள் பயந்திருக்கிறார்கள், சந்தை இறங்கப் பார்க்கிறது. அங்கிருந்து கிளம்பி வங்கி, கார், இரும்பு என்று போனால் தைரியம் வந்துவிட்டது, சந்தை ஏறப் பார்க்கிறது. இதில் இரண்டு முறை மூக்குடைபட்டும் இருக்கிறேன்.

சென்ற மாதம் சந்தை ஆறு நாள் தொடர்ந்து விழுந்தது. மேல்வீட்டு நர்ஸம்மா, "அக்கா, எல்லாரும் விக்கிறாங்க, நாமளும் வித்துடலாமா?" என்று அழாத குறையாகக் கேட்டார். ஆனால் துணியில் நான்கு நாட்களாக வங்கியின் நீல நூல் ஏறிக்கொண்டிருந்தது, மாத்திரையின் பச்சை இறங்கிக்கொண்டிருந்தது. "யாரோ சத்தமில்லாம வாங்குறாங்க, பொறு" என்றேன். அதன் பிறகு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வங்கிப் பங்குகள் வாங்கினேன். மறுநாள் அந்த அலுவலகத்தின் பெரிய வாடிக்கையாளர் ஒருவரும் அதையே அள்ளிக்கொண்டு போனது அப்போது எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை சந்தை எகிறியது. நானும் நர்ஸம்மாவும் படிக்கட்டில் கைகோத்து ஆடியது உண்மை. அன்று எனக்கு முட்டிவலி தெரியவில்லை.

அதன் பிறகு, பெரிய வாடிக்கையாளருக்கு ஒரு நாள் முன்னால் நான் வாங்கியதைக் காட்டி மேனேஜர் கொடுத்த புகாரில் காவலர்கள் வந்து, துணியைச் சங்கேதக் குறிப்பு என்று சொல்லி மடித்து எடுத்துப் போனார்கள். நன்றாகவே மடித்தார்கள்.

இன்று காலை நிலையத்தில் மேனேஜர் முன்னிலையில் ஆய்வாளர் ஐயா என் கைபேசியை வாங்கிப் பார்த்தார். அதில் மேற்படி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு மகள் அனுப்பி, நான் திறக்காத குரல் பதிவு ஒன்று இருந்தது. மகளின் பதிவுகள் பெரும்பாலும் அறிவுரை என்பதால் நான் திறப்பதில்லை. ஐயா அதைச் சத்தமாகவே போட்டார். "அம்மா, சொன்னா கேளு. பேங்க் பங்கு பக்கமே போகாத. இன்னும் விழும். இருக்கறதையும் வித்துத் தொலை. துணியில தச்சுப் பாக்க மார்க்கெட் என்ன ஜாக்கெட்டா?"

எழுத்தர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று ஐயா கேட்டதற்கு மகள், "அம்மா கரெக்ட், நான் தப்புன்னு மேனேஜர் முன்னாடி எப்படி சார் சொல்றது?" என்றாள். மேனேஜர் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்து, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவருக்கும் ஒரு சட்டைக்கு அளவெடுக்கத் தயாராக இருந்தேன்.

அதன் பிறகு மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மூன்று வருடத்தில் முதல் தடவையாக, "அம்மா, இப்ப பணம் எந்தப் பக்கம்மா போகுது?" என்று கேட்டாள். நான் அவள் காதில் சொன்ன பதிலை இதில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐயாவும் மேனேஜரும் அதைக் கேட்க நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார்கள்.

மேலே எழுதியிருப்பது முழுவதும் நான் சொன்னது, நடந்தது. படித்துக் காட்டக் கேட்டு, சரி என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) டெய்லர் அக்கா