மருந்து வாடை இல்லாத தண்ணீர்

வெளியூர் போனால் முதலில் எதைக் குறை சொல்வீர்கள், சார்? தண்ணீரைத்தான். திண்டுக்கல்லுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் உள்ளூரிலேயே குறை சொல்வார்கள். 'மருந்து வாடை' என்பார்கள். கிருமி சாகப் போடுகிற குளோரின்தான் அந்த மருந்து. பழைய சுத்திகரிப்பு நிலையத்தில் இருபத்தாறு வருடம் அதைப் போட்டவன் நான். அதற்காக ஒருவரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டதில்லை.

பழைய நிலையத்தில் தண்ணீரை வடிகட்டும் மணல்தொட்டி விரிசல் விட்டிருந்தது, உண்மைதான். அதனால் பக்கத்திலேயே புதிதாக ஒன்று கட்டினார்கள். அதை ஓட்ட ஒரு கம்ப்யூட்டரும், ஒட்டன்சத்திரத்து இன்ஜினீயர் முகேஷ்குமாரும் போதும். பழசை மூடினால் என் வேலையும் போய்விடும்.

முகேஷ்குமார் பாடம் படித்தவர், ஊரைப் படிக்கவில்லை. திறப்பதற்கு முன் இரண்டு தண்ணீரையும் மக்களே குடித்துப் பார்க்கட்டும் என்று பந்தல் போட்டு, இரண்டு டிரம் வைத்தார்.

பந்தலில் ஒரு ருசி, வீட்டுக் குழாயில் ஒரு ருசி என்றால் ஏமாற்றுவேலை ஆகிவிடும். எனக்கு அது பிடிக்காது. ஆகவே மூன்று நாள் முன்பே ஊர் முழுவதற்கும் குளோரினை நிறுத்தினேன். பதிவேட்டில் மட்டும் நிறுத்தவில்லை. அந்த வாரம் மழை. ஆற்றில் என்னவெல்லாம் கலந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சோதிப்பது என் வேலை.

டீக்கடை சூசை புதுத் தண்ணீரை வாயில் ஊற்றித் துப்பினார். "என்னப்பு இது, பினாயிலைக் கரைச்சு வச்சிருக்கீக?"

"வாடை இருந்தாத்தானுங்க கிருமி இல்லைன்னு அர்த்தம்" என்றார் முகேஷ்குமார்.

"அப்ப நீயே குடி."

கூட்டம் சிரித்தது. ஆனந்தமேரி டீச்சர் என் தண்ணீரை இரண்டாவது தம்ளர் வாங்கினார். "மூணு நாளா வீட்டுக் குழாயிலயும் இதே ருசிதான். இம்புட்டு வருசமா இதை எங்கண்ணே ஒளிச்சு வச்சிருந்தீக? சிறுமலைச் சுனைத் தண்ணி கணக்கா இருக்கு."

"மனசு வச்சாப் போதும், டீச்சர்" என்றேன்.

புது நிலையத்தின் திறப்பு தள்ளிப்போனது. எனக்குத் துண்டு போர்த்தினார்கள்.

நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை, சார். காய்ச்சிக் குடியுங்கள் என்று தொட்டிச் சுவரில் பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்குள் அரசு ஆஸ்பத்திரியில் அறுபத்திரண்டு பேர் வாந்தியும் பேதியுமாகச் சேர்ந்தார்கள். எட்டு மணிக்கு ஆனந்தமேரி டீச்சர் இறந்தார். ஒன்பது மணிக்கு வழக்கம்போல ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டேன். குளோரின் போடவில்லை. போட்டிருந்தால் வாடை வந்திருக்கும்.