தராசுத் தட்டில் பென்குயின்

நாள்: 25.09.2001, செவ்வாய்க்கிழமை. நேரம்: மாலை 3.10.
ஹபீப் முகமது கொடுத்த மனுவின் பேரில் நடந்த விசாரணையில், சப் இன்ஸ்பெக்டர் லூயிஸ் முன்னிலையில் பதிவு செய்தது.

என் பெயர் வெள்ளியங்கிரி. வயது 47. தகப்பனார் மாரப்பன், காலமாகிவிட்டார். சொந்த ஊர் காரமடை. தற்சமயம் குன்னூர் ரயில் நிலையத்துக்கு மேலே உள்ள படிக்கட்டுச் சந்தில் வாடகை வீட்டில் மனைவி அம்சவேணியுடன் குடியிருந்து வருகிறேன். என் மீது இதற்கு முன் எந்த மனுவும் இல்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டதன் பேரில் அனுமதித்தார்கள்.

நான் குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தில், சுவை பார்க்கும் அறையில், இருபத்திரண்டு ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். வியாழக்கிழமை ஏலத்துக்கு வரும் தேயிலையை முன்கூட்டியே காய்ச்சி ருசி பார்த்து, கிலோ இவ்வளவு பெறும் என்று மதிப்புப் போட்டு, எங்கள் நிறுவனம் பட்டியல் அச்சடித்துக் கொடுக்கும். ருசி பார்ப்பவர் கீர்த்திவாசன் சார். அவர் விழுங்குவதில்லை. சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு இரண்டு சொல் சொல்வார். அந்த இரண்டு சொல்லுக்குத்தான் மலை முழுவதும் காத்திருக்கும். காய்ச்சிக் கொடுப்பது என் வேலை.

காய்ச்சும் முறையைச் சொல்லும்படி கேட்டதால் சொல்கிறேன். கைத்தராசின் ஒரு தட்டில் வெள்ளைக்காரர் காலத்து ஆறு பென்ஸ் காசு ஒன்று இருக்கும். மறு தட்டில் அதே எடைக்குத் தேயிலை வைத்து, அதை மூடி போட்ட பீங்கான் குவளையில் இட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, ஆறு நிமிடம் கழித்துக் கோப்பையில் வடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது குவளை. எல்லாவற்றுக்கும் அதே காசுதான் எடை. காசில் இருப்பது எந்த ராஜா என்று தெரியாது, மூக்கு தேய்ந்துவிட்டது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகும் அவரை அந்தத் தட்டிலிருந்து இறக்கும் எண்ணம் யாருக்கும் வந்ததில்லை.

30.07.2001 திங்கட்கிழமை காலை தராசைத் துடைக்கும்போது மேற்படி ராஜா கை தவறி, வடித்த சக்கை போடும் வாளியில் விழுந்துவிட்டார். அது எனக்கு அப்போது தெரியாது. சக்கையை வழக்கம்போல் ஆபீஸ் ரோஜாப் பாத்தியில் கொட்டிவிட்டார்கள். பிற்பாடு இரண்டு பாத்தியைத் தோண்டியும் கிடைக்கவில்லை. ரோஜாச் செடிகள் எப்படிச் செத்தன என்று மேனேஜர் விசாரித்ததற்கு, பனி என்று சொன்னேன். ஜூலையில் பனி இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

தட்டு காலியாக இருப்பதைப் பார்த்ததும், அன்று மதியமே கீர்த்திவாசன் சார் வந்துவிடுவார் என்பதால், நான் கடைவீதியில் கம்பளிக் கடை வைத்திருக்கும் ஹபீப் முகமதுவிடம் போனேன். அவர் ஸ்வெட்டர் விற்பவர் என்றாலும், ஊரில் அவரைக் காசு பாய் என்றால்தான் தெரியும். வெளிநாடுகள் நினைவுக்காக வெளியிடும் காசுகளில் விலங்கும் பறவையும் உள்ளவற்றை மட்டும் சேர்ப்பவர். சிவப்பு வெல்வெட் அட்டையில் பன்னிரண்டு குழி இருக்கும். யானை, காண்டாமிருகம், ஆமை, திமிங்கிலம் என்று குழிக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஆறு பென்ஸ் தன்னிடம் இல்லை என்றும், மனிதர் தலை போட்ட காசு தான் வாங்குவதில்லை என்றும் அவர் சொன்னார். நான் தராசுத் தட்டையே கையோடு கொண்டுபோயிருந்தேன். அதில் பழைய காசு கிடந்து கிடந்து விழுந்த வட்டத் தடம் இருந்தது. பன்னிரண்டில் மிகச் சிறியதான பென்குயின் காசை அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தோம். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. அது தென்கடலில் ஏதோ ஒரு தீவின் காசு. ஒரு பக்கம் ராணி, மறு பக்கம் பென்குயின். ராணி இருக்கிறாரே என்று கேட்டதற்கு, அது பின்பக்கம், கணக்கில் சேராது என்றார். பறக்கத் தெரியாத பறவையை எதற்குக் காசில் போட்டார்கள் என்று கேட்டேன்.

"பறந்து போறதை யாருங்க காசுல போடுவாங்க. நிக்கிறதைத்தான் போடுவாங்க" என்றார்.

இரண்டு நாளில் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டேன். எழுத்து ஏதும் எழுதிக்கொள்ளவில்லை. பழைய காசைவிட இது கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தது. அது தேய்ந்தது, இது தேயாதது, அதனால் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். எடை போட்டுப் பார்த்தீரா என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். போடவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த அறையில் எடை போடாத பொருள் எடைக்கல் ஒன்றுதான்.

அதன் பின்னர் அன்று மதியம் கீர்த்திவாசன் சார் முதல் கோப்பையை உறிஞ்சினார், துப்பினார். இரண்டாவது கோப்பைக்குப் போய்விட்டு மறுபடி முதல் கோப்பைக்கு வந்தார். 'நல்ல கனம்' என்று எழுதச் சொன்னார். மூன்று வருடமாக 'சப்பை', 'வெறும் தண்ணி' என்று எழுதிய கையால் அன்று நூற்றுப்பத்துக் கோப்பைக்குக் 'கனம்', 'உறைப்பு', 'நிறம்' என்று எழுதினேன். அன்று போட்ட மதிப்பில் சராசரி கிலோவுக்கு மூன்று ரூபாய் கூடியிருந்தது. ஏலத்துக்கு முன்பு வாங்க வருகிறவர்களும் எங்கள் அறையில், நான் காய்ச்சிய கோப்பையில்தான் ருசி பார்ப்பார்கள். அவர்களும் தலையாட்டினார்கள். எங்கள் பட்டியலைப் பார்த்த மற்றத் தரகு நிறுவனத்தார், தங்கள் நாக்கு மட்டம் என்று பேர் வந்துவிடக் கூடாது என்பதற்காக, அடுத்த வாரம் தாங்களும் மூன்று ரூபாய் கூட்டிப் போட்டார்கள். அவர்களிடம் பென்குயின் இல்லை.

இதனால் தோட்டக்காரர்கள் பறித்து விற்கும் பச்சைத் தேயிலை, கிலோ நாலரை ரூபாய்க்குக் கிடந்தது, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஆறு ரூபாய்க்கு வந்தது. பத்திரிகையில் ஒருநாள் ஆப்பிரிக்காவில் மழை இல்லை என்று காரணம் போட்டார்கள். இன்னொரு நாள் தாங்கள் கொடுத்த மனுதான் காரணம் என்று ஒரு சங்கம் நோட்டீஸ் ஒட்டியது. மனுவல்ல, உண்ணாவிரதம்தான் என்று எதிர்ச் சங்கம் அதன் மேலேயே ஒட்டியது. நான் இரண்டையும் படித்தேன். அப்போது எனக்கும் காரணம் தெரியாது.

எப்போது தெரிந்தது என்று கேட்டதற்குச் சொல்கிறேன். ஒவ்வொரு தேயிலைக்கும் மாதிரிப் பொட்டலம் ஒன்று வரும். அது ஐந்து தடவை காய்ச்சக் காணும், இத்தனை வருடமும் கண்டது. ஆகஸ்டில் நாலாவது தடவையோடு பொட்டலம் காலியானது. ஒரு பொட்டலம் என்றால் விட்டிருப்பேன், எல்லாப் பொட்டலமும் அப்படியே ஆனது. அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. 25.08.2001 சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேற்படி காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலுமணி நகைக்கடைக்குப் போய் எடை போடச் சொன்னேன். ஆறு பென்ஸ் இரண்டு கிராம் எண்ணூறு மில்லி என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பென்குயின் மூன்று கிராம் ஐநூறு மில்லி இருந்தது. கோப்பைக்குக் கால் பங்கு தேயிலை கூடப் போட்டு, நான்கு வாரமாக மலைக்கே விலை ஏற்றியிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். வேலுமணி இது வெள்ளி இல்லை, எடைக்கு எடுக்க மாட்டேன் என்றார். விற்க வரவில்லை என்று சொல்லித் திரும்பினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஜெகதளாவுக்குப் போனேன். அங்கே என் மனைவியின் தம்பி மயில்சாமிக்கு ஒரு ஏக்கர் தேயிலை உண்டு. பறிக்கும் கூலிக்கே இலை விலை காணாததால் ஒரு வருடமாகப் பறிக்காமல் விட்டிருந்தார். செடி ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. செடியைப் பிடுங்கிவிட்டுத் தங்கும் விடுதி கட்டுவதற்காகப் பெங்களூர்க்காரர் ஒருவர் அந்த நிலத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தார். பத்திரம் பதிய நாள் குறித்திருந்தார்கள். அதை நிறுத்த வேண்டாம், விலை நிற்காது என்று சொல்லத்தான் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது மயில்சாமி நாலு ஆளை வைத்துச் செடியைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். முன்பணத்தை அன்று காலைதான் திருப்பிக் கொடுத்து அனுப்பியதாகச் சொன்னார். கோழி அடித்திருந்தார்கள்.

"ஏனுங்க மாமா, நின்னுட்டே இருக்கறீங்க? உக்காருங்க. நீங்கதானே வாரா வாரம் காய்ச்சிக் குடுக்கறீங்க, இந்த வெலை நிக்குமுங்களா?" என்று கேட்டார்.

சாறு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் கேட்டது கோழியைப் பற்றி அல்ல என்பது எனக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ் வரும் வரை நிற்கப் பொறுக்காமல், பாதி வழி நடந்தே வந்தேன்.

அதே எடைக்கு வேறொரு தகடு செய்து வைத்துவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். அதை நானும் யோசித்தேன். வேலுமணியிடம் பத்து நிமிட வேலை. ஆனால் பென்குயின் தட்டில் கிடப்பது தவறு. அதே எடைக்கு நானாகத் தகடு செய்யச் சொன்னால் அது மோசடி. தவறு செய்தவனாக இருக்க எனக்குச் சம்மதம். அதனால் தவறை அப்படியே இருக்கவிட்டேன்.

அதன் பின்னர் ஹபீப் முகமது காசைக் கேட்டு மூன்று முறை ஆபீஸுக்கு வந்தார். செப்டம்பர் 15, 16 தேதிகளில் ஊட்டியில் நடந்த நாணயக் கண்காட்சிக்கு அந்த அட்டை வேண்டும் என்றார். முதல் முறை பீரோ சாவி இல்லை என்றும், இரண்டாம் முறை அம்சவேணிக்குக் காய்ச்சல் என்றும் சொன்னேன். மூன்றாம் முறை கொதிகலன் அறைக்குள் போய் நின்றுகொண்டேன். அவர் கடை வழியாகப் போவதைத் தவிர்க்கத் தண்டவாள ஓரமாக வீட்டுக்குப் போனேன். அம்சவேணிக்கு அந்த மாதம் முழுவதும் காய்ச்சல் இல்லை.

அவர் ஒரு குழி காலியாக அட்டையை ஊட்டிக்குக் கொண்டுபோயிருக்கிறார். 17ஆம் தேதி காலை படிக்கட்டுச் சந்திலேயே என்னைப் பிடித்துவிட்டார். சத்தம் போடவில்லை.

"மூணு வருசமா இந்தப் பன்னெண்டை வெச்சு எழுதிப் போட்டுட்டு இருக்கேன். இந்தத் தடவைதான் கூப்பிட்டாங்க. பதினொண்ணு வெச்சிருக்கறவனுக்கு முக்கால் பரிசுன்னு ஒண்ணு கெடையாதுங்க. என்ற காசு எங்கீங்க?" என்று கேட்டார்.

நான் அவரைச் சுற்றிக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டேன். அதனால் அவர் மனு கொடுத்தார். மனுவில் அவர் சொல்லியிருப்பது எல்லாம் சரி. 'திருடிவிட்டார்' என்ற ஒரு சொல் மட்டும் சரியல்ல. அதைவிடச் சரியான சொல் எது என்று கேட்டால் எனக்கும் தெரியவில்லை.

நேற்று போலீஸ் நிலையத்திலிருந்து தகவல் வந்ததும் கீர்த்திவாசன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தராசை எடுத்து, காசைத் தட்டில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். பிறகு ஒரு கோப்பையை உறிஞ்சி, முதல் முறையாக, துப்பாமல் விழுங்கினார்.

"காசு தொலைஞ்சிடுச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்க வெள்ளியங்கிரி. பாய்க்கு நான் வேற வாங்கித் தர்றேன். முப்பது வருஷமா என் நாக்கைத்தான் நம்பறாங்க. அது ஒரு பறவைன்னு தெரிஞ்சா நான் எங்க போவேன்?" என்றார்.

மலைக்காரர்களுக்கு ஆறு ரூபாய் கிடைக்கிறது, யாருக்கும் நஷ்டம் இல்லை என்றும் சொன்னார். வாங்கியவர்களுக்கு நஷ்டம்தானே என்று கேட்டேன். அவர்கள் அந்தத் தூளில் எதையாவது கலந்து சரிக்கட்டிக்கொள்வார்கள் என்றார். நான் தொலைத்தவன் என்று எழுதிக் கொடுத்தால் வேலை நிற்கும், விலை நிற்கும், மயில்சாமியின் நிலம் நிற்கும். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. சரி சார் என்று சொல்லித்தான் வீட்டுக்குப் போனேன்.

இன்று காலை வியாழன் ஏலத்துக்கான நூற்று நாற்பது குவளைகளை வரிசையாக வைத்துவிட்டு, முதல் பொட்டலத்தைப் பிரித்துத் தராசைத் தூக்கினேன். ஐந்தாவது தடவைக்கு அந்தப் பொட்டலம் காணாது என்று தோன்றியது. நானறிய நான் போடும் முதல் தப்பான எடை இது அல்ல, ஒரு மாதமாகப் போட்டது அத்தனையும் தெரிந்தே போட்டதுதான் என்பதும் அப்போதுதான் தோன்றியது. தராசைக் கீழே வைத்துவிட்டு, காசை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கீர்த்திவாசன் சார் பின்னால் கூப்பிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. பகல் முழுவதும் பஸ் நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்குமாக நடந்துவிட்டு மூன்று மணிக்கு இங்கே வந்தேன்.

மேற்படி காசைச் சப் இன்ஸ்பெக்டரின் மேசையில் வைத்திருக்கிறேன். பறந்துகொண்டிருந்த காகிதங்களின் மேல் அவர் அதை வைத்தார். காகிதம் நிற்கிறது. ஹபீப் முகமதுவிடம் திருப்பிக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கண்காட்சிக்கு உதவாது என்பது தெரியும்.

இந்த வாரமோ அடுத்த வாரமோ பச்சைத் தேயிலை விலை இறங்கும். ஆப்பிரிக்காவில் மழை பெய்துவிட்டது என்று பத்திரிகையில் வரும். சங்கங்கள் ஒன்றையொன்று காரணம் சொல்லும். காரணம் இந்த மேசை மேல் இருக்கிறது என்பதைப் பதிவு செய்யும்படி கேட்டதற்கு, அது மனுவுக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்லிவிட்டு, ஆனாலும் எழுதிக்கொண்டார்கள்.

மயில்சாமிக்கு நிலையத்திலிருந்தே ஆள் விட்டுத் தகவல் சொல்ல முடியுமா என்று கேட்டேன். கைது செய்தால் மட்டுமே உறவினருக்குத் தகவல் சொல்வது வழக்கம் என்றும், என்னைக் கைது செய்யும் உத்தேசம் இல்லை என்றும் சப் இன்ஸ்பெக்டர் தெரிவித்தார். உத்தேசத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்.

ஆகவே நானே போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெகதளாவுக்கு ஐந்தரைக்கு ஒரு பஸ் உண்டு. இப்போது மணி ஐந்து பத்து. இதில் எழுதியிருப்பது முழுவதும் நான் என் வாயால் சொன்னது, நடந்தது நடந்தபடி. படித்துக் காட்ட வேண்டாம், நேரமில்லை, கையெழுத்தை எங்கே போட வேண்டும் என்று கேட்டுப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) மா. வெள்ளியங்கிரி