வெண்கட்டிச் சிலுவை

கதிரை வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா. சின்ன வயதிலிருந்து குந்தியிருந்தே தகரம் தட்டினவன்; கதிரையில் இருந்தால் முதுகு நோகும்.

குருநகரில் எங்கள் ஆட்கள் எல்லாரும் கடலுக்குப் போனார்கள். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை. ஓட்டை வாளிக்கு அடி மாற்றுவதில் தொடங்கினேன். பிறகு புனல், கூரைத் தண்ணீர் ஓடும் பீலி, மீன்பெட்டிக்குத் தகரம். கடைசியில் வள்ள எஞ்சின்களின் பெற்றோல் தாங்கி. தாங்கி ஒழுகினால் செபநாயகத்திடம் கொண்டுபோ என்று பாசையூர்வரை சொல்வார்கள். அந்தப் பெயரை எனக்கு யாரும் சீதனமாகத் தரவில்லை.

பழைய தாங்கிக்கு அப்படியே நெருப்புக் காட்டக்கூடாது. பெற்றோலை வெளியே ஊற்றி வெறுமையாக்கினாலும் ஆவி உள்ளே நிற்கும். சவர்க்காரத் தண்ணீரால் திரும்பத் திரும்ப அலசி, வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகுதான் ஈயம் உருக்கி ஒட்டலாம். எழுத்துத் தெரியாத காலத்தில், கழுவின தாங்கிக்கு அடையாளமாக வெண்கட்டியால் ஒரு சிலுவை போடுவேன். வயது போய் எழுதப் பழகிய பிறகும் அதை மாற்றவில்லை. சிலுவை இருந்தால் எங்கள் பட்டறையில் யாரும் உள்ளே பார்ப்பதில்லை.

எமில்ராஜ் என் மனைவி மேர்சியின் தம்பி. தொழில் பழக்கினது நான். நல்ல கை, அதை நான் மறுக்கவில்லை. வள்ளக்காரர் வந்தால் எமில் நிற்கிறானோ என்று கேட்கத் தொடங்கினார்கள். அதையும் பொறுத்தேன். போன மாதம், பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான இராசநாயகம் சம்மாட்டியாருக்கு முன்னால், நான் ஒட்டிய விளிம்பைத் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

“அத்தான், இது கிழிசலுக்கு ஒட்டுப் போட்ட சேட்டு மாதிரிக் கிடக்கு. உங்களுக்குக் கை நடுங்குது. இனி நீங்கள் கழுவுங்கோ, நான் ஒட்டுறன்.”

சம்மாட்டியாரும் சிரித்தார். என் பட்டறையில், என் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே. கை நடுங்கியது உண்மை. ஆனால் அதை நான் சொல்ல வேண்டும், அவன் சொல்லக்கூடாது. சரி என்றேன். கழுவினேன். அந்தக் கழுவலில் அவனாலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை.

வெடித்த அன்றைக்கு வந்த தாங்கியில் இருந்த பெற்றோலை வெளியே ஊற்றி வெறுமையாக்கினேன். வெளிப்பக்கத்தைத் துடைத்தேன். சிலுவையை மட்டும் போட்டேன். மணம் வராதா என்று கேட்பீர்கள். எங்கள் பட்டறையில் சோறுகூடப் பெற்றோல் மணக்கும்.

எமில் நெருப்பை மூட்டிக்கொண்டு கேட்டான்.

“அத்தான், கழுவினதுதானே?”

“சிலுவை தெரியேல்லையோ?”

அது பொய் இல்லை ஐயா. நானும் ஒரு கேள்விதான் கேட்டேன்.

வெளியே போய் ஒழுங்கையில் நின்றேன். தாங்கி வெடித்ததும் முதலில் ஓடிப்போய் அவனைத் தூக்கினவன் நான்தான். ஓட்டோவில் என் மடியில்தான் கிடந்தான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன் மூச்சு நின்றுவிட்டது.

நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். நானும் பேசாமல் இருந்திருப்பேன். செத்த வீட்டில் சனம் கதைத்ததைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கிழவனுக்கு மறதி, கழுவாமல் குடுத்துப்போட்டுது, பாவம் என்றார்கள். மேர்சி என் கையைப் பிடித்து, “நீங்கள் வேணுமெண்டோ செய்தனீங்கள்? இல்லை, மறந்துபோனியள்” என்று அழுதாள். என்னை மன்னித்தும் விட்டாள்.

மறக்கவில்லை ஐயா. அதை அப்படியே எழுதுங்கள். கழுவ வேண்டிய ஒரு தாங்கியைக்கூட நான் மறந்து விட்டதில்லை. தொழிலில் என்னிடம் பிழை பிடிக்க ஏலாது.